தோற்பதற்காக வளர்க்கப்படும் நெல்

கோ 39 என்ற நெல் ரகத்தை இன்று தமிழ்நாட்டு வயல்களில் பார்ப்பது அரிது. கோயம்புத்தூரில் உருவான குறுகிய கால ரகம் அது. புது ரகங்கள் வர வர உழவர்கள் கைவிட்ட எத்தனையோ நெல்லைப் போல, அதுவும் பழைய பட்டியலில் வெறும் பெயராக முடிந்திருக்கும். முடியவில்லை. பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸிலும், இங்கிலாந்தில் எக்ஸிடரிலும், இன்னும் பல நாட்டு ஆய்வகங்களிலும் பல பத்தாண்டுகளாக அதை விதைத்து வந்திருக்கிறார்கள். அங்கே யாரும் அதை அறுப்பதில்லை. இரண்டு மூன்று வாரம் வளரவிட்டு, பூசணத்தைத் தெளித்து, நோய் வரவழைத்து, புள்ளிகளை எண்ணிவிட்டு, ஆட்டோகிளேவில் அவித்து எறிந்துவிடுவார்கள். குலைநோய் அதற்கு வராமல் போகாது என்பதே அதன் தகுதி.

பூசணம் பயிருக்கு எப்படி நோயுண்டாக்குகிறது என்று அறிய விரும்புகிறவருக்கு முதல் தேவை நுண்ணோக்கி என்றுதான் நினைப்போம். அதற்கும் முன்னால் தவறாமல் நோயுறும் செடி ஒன்று வேண்டும். ஒரு முறை தெளித்தால் நோய் வரும், மறுமுறை வராது என்றிருக்கும் செடியை வைத்துக்கொண்டு பூசணத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நோய் வராமல் போனதற்குப் பூசணத்தின் குறை காரணமா, செடியின் பலம் காரணமா என்று பிரித்தறிய வழியில்லை. அதனால் செடியின் பலத்தை முதலிலேயே கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்கள். ஆய்வுமுறை எதுவானாலும் இப்படி எதையாவது கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பதுதான். எதைக் கழித்தோம் என்ற நினைவு இருக்கும்வரை அதில் தவறில்லை. நினைவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறையில் கதைகள் நிறைய உண்டு.

*

பிரான்ஸில் த்ருவா நகர நாணயச் சாலையின் இயக்குநராக இருந்தவர் மத்தியூ தில்லே. கோதுமை மணிக்குள் மாவுக்குப் பதிலாக நாற்றமடிக்கும் கறுப்புப் பொடி நிரம்பும் நோயை அவர் ஆராய்ந்தார். நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, சிலவற்றில் சுத்தமான விதையையும் சிலவற்றில் கறுப்புப் பொடி பூசிய விதையையும் விதைத்தார். உப்பு, சுண்ணாம்பு முதலியவற்றால் விதையை நேர்த்தி செய்தும் பார்த்தார். பொடி பூசிய பாத்திகளில் நோய் மிகுந்தது. நேர்த்தி செய்த விதையில் குறைந்தது. 1755-இல் வெளியான இந்தச் சோதனையில் இன்றைய கண்ணுக்கும் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் பொடிக்கு உயிர் உண்டென்று அவர் கருதவில்லை. அதில் ஏதோ நஞ்சு இருப்பதாக முடிவு கட்டினார். பாத்தி முறையின் எல்லை அது. பொடிதான் நோயைக் கொண்டுவருகிறது என்று அது காட்டிவிடும். அந்தப் பொடி என்ன என்று சொல்லாது.

1807-இல் மோந்தொபான் ஊரைச் சேர்ந்த பெனெடிக்ட் ப்ரெவோ அதே பொடியை நீரில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். துகள்கள் முளைவிட்டன. செம்பு பட்ட நீரில் முளைப்பு தடைபடுவதையும் கண்டார். காரணமும் மருந்தும் ஒரே மேசையில் கிடைத்தும் பாரிஸ் அறிஞர்கள் ஏற்கவில்லை. அழுகும் செடியிலிருந்துதான் பூசணம் பிறக்கிறது, நோய் முன்னால், பூசணம் பின்னால் என்பது அன்று படித்தவர்களின் நம்பிக்கை. அந்த வரிசையைத் திருப்பிப் போட அரை நூற்றாண்டு ஆயிற்று. அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோயை எடுத்துக்கொண்டு, நோயுயிரியின் வித்து இலைமேல் விழுவதிலிருந்து உள்ளே நுழைந்து பரவுவது வரை படிப்படியாகக் காட்டினார் ஜெர்மானியரான அன்டன் டி பாரி. ஆண்டு 1861. இதில் ஒரு வேடிக்கை: பூசண நோயியலின் தொடக்கம் என்று பாடநூல்கள் கொண்டாடும் அந்த உயிரி இன்றைய வகைப்பாட்டில் பூசணமே இல்லை. பழுப்புப் பாசிகளுக்குத்தான் அது உறவு.

1880-களில் ராபர்ட் கோக்கின் பெயரால் நான்கு விதிகள் நிலைபெற்றன. நோயுற்ற உடலில் கிருமி இருக்க வேண்டும். அதைத் தனியே பிரித்து வளர்க்க வேண்டும். நலமான உடலில் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். அங்கிருந்து அதே கிருமி மீண்டும் கிடைக்க வேண்டும். புதிய பயிர்நோயைப் பதிவு செய்யும் மாணவர் இன்றும் இந்த நான்கு படியையும் ஏறித்தான் ஆக வேண்டும். துருநோயும் சாம்பல் நோயும் உண்டாக்கும் பூசணங்களோ இரண்டாம் படியிலேயே நின்றுவிடும்; உயிருள்ள செடியை விட்டால் ஆய்வகத்தின் சாதாரண வளர்ப்புத் தட்டில் அவை வளராது. அவற்றுக்குச் செடியையே தட்டாக வைத்துக்கொள்கிறார்கள்.

*

குலைநோய்ப் பூசணம் இந்த விஷயத்தில் தாராளமானது. செடியிலும் வளரும், தட்டிலும் வளரும். அது செய்யும் கேடு டெல்டாக்காரருக்குத் தெரிந்ததுதான்: இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவே சாம்பல், ஓரம் பழுப்பு. கதிர் வந்த பின் கழுத்தில் பிடித்தால் கழுத்து கறுத்து ஒடிந்து, மணி பால் பிடிக்காமல் சாவியாகிவிடும். இந்தியாவில் அதன் முதல் பெருந்தாக்குதலாகப் பதிவாகியிருப்பது 1919-இல் தஞ்சை டெல்டாவில் நடந்தது.

புள்ளி விழுந்த இலையை நறுக்கி, ஈரமான வடிதாளின் மேல் ஓர் இரவு வைத்தால் புள்ளியின் நடுவில் வித்துகள் எழும்பும். நுண்ணோக்கியில் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் ஒரே ஒரு வித்தைத் தொட்டு எடுக்க வேண்டும். மூன்று அறை கொண்ட, பேரிக்காய் வடிவ வித்து. அந்த ஒன்றிலிருந்து வளர்ந்ததைத்தான் சோதனைக்கு எடுப்பார்கள். கூடவே இன்னொன்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், பின்னால் காணும் எதுவும் யாருடைய வேலை என்று தெரியாது. ஓட்ஸ் அகாரில் வளர்த்து, வெளிச்சத்தில் வைத்து வித்து பிடிக்கச் செய்து, நீர் விட்டுச் சுரண்டி, துணியில் வடிகட்டி, ரத்த அணுக்களை எண்ணும் கண்ணாடித் தகட்டில் எண்ணுவார்கள். மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் வித்து என்பது வழக்கமான அளவு. கூடவே கொஞ்சம் ஜெலட்டின்; இல்லையென்றால் நெல் இலையில் நீர் நிற்காமல் உருண்டு ஓடிவிடும். தெளித்த செடிகளைப் பாலித்தீன் பையால் மூடி, ஈரத்தோடு ஓர் இரவு விட்டால் ஐந்தாறு நாளில் புள்ளி தெரியும். இலையை வெட்டி வைத்து, ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணிக் குறிப்பார்கள். பக்கத்தில் இன்னொரு தட்டு நாற்று இருக்கும். அதற்கு வித்தில்லாத ஜெலட்டின் நீர் மட்டும். அதில் ஒரு புள்ளி வந்தாலும் அத்தனை உழைப்பும் குப்பைக்குப் போகும்.

தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டே போனால் இந்தப் பூசணத்தின் நோயுண்டாக்கும் திறன் மங்கும். அதனால் வடிதாளின் மேல் வளரவிட்டு, உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து, சோதனைதோறும் அந்தத் தாள் துண்டிலிருந்தே புதிதாகத் தொடங்குகிறார்கள். வயலிலிருந்து கொண்டுவந்ததை ஆய்வகம் மெல்ல மெல்ல வேறொன்றாக்கிவிடும் என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு இது.

*

செடியையே முற்றாகக் கழித்துவிட்ட சோதனைகளும் உண்டு. துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு அப்படி ஒன்றில்தான் கிடைத்தது.

வித்து இலைமேல் விழுந்து, நுனியிலுள்ள பசையால் ஒட்டிக்கொள்கிறது. ஈரம் பட்டதும் முளைக்குழல் நீட்டுகிறது. குழலின் முனை வீங்கி, கறுத்து, குவிமாடம் போன்ற ஓர் உயிரணுவாகிறது. அதற்கு அப்ரெசோரியம் என்று பெயர். இலையின் மெழுகுத் தோலைத் துளைத்து உள்ளே போவது அதுதான். நொதியால் தோலைக் கரைத்து நுழைகிறதா, அல்லது வலுவால் குத்தி நுழைகிறதா? இலைமேல் வைத்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. இலையில் இரண்டுமே நடக்கலாம். எனவே இலையை எடுத்துவிட்டு, கரைக்க ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் படலத்தில் வித்தை முளைக்கவிட்டார்கள். நீர் ஒட்டாத வழுக்குப் பரப்பு கிடைத்தால் போதும், அது இலையா பிளாஸ்டிக்கா என்று வித்து விசாரிப்பதில்லை. அப்ரெசோரியம் அங்கும் உருவாகி, படலத்தையும் துளைத்தது.

ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள அணுவுக்குள் எவ்வளவு அழுத்தம் என்று எப்படி அளப்பது? எந்தக் கருவியும் உள்ளே போகாது. ஹவர்டும் உடன் ஆய்வாளர்களும் 1991-இல் வெளியிட்ட வழி எளிமையானது. அடர்த்தி கூடிக்கொண்டே போகும் கரைசல்களில் அணுக்களை வைத்தார்கள். வெளியிலுள்ள கரைசல் உள்ளிருக்கும் நீரை இழுக்கப் பார்க்கும். எந்த அடர்த்தியில் அணு தாங்க மாட்டாமல் நசுங்குகிறதோ, அதுவரை உள்ளழுத்தம் வென்றிருக்கிறது என்று பொருள். கணக்கிட்டுப் பார்த்தால் 8 மெகாபாஸ்கல் வரை வந்தது. கார் டயரில் அடிக்கும் காற்றைப் போல ஏறத்தாழ நாற்பது மடங்கு. சுவரிலுள்ள மெலனின் பூச்சு கிளிசராலை வெளியே விடாமல் அடைத்துவைக்க, நீர் மட்டும் உள்ளே புகுந்துகொண்டே இருப்பதால் ஏறும் அழுத்தம் அது. உள்ளே கிளிசரால் சேர்வது 1997-இல் உறுதியாயிற்று.

ட்ரைசைக்ளசோல் மருந்தின் கதை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. குலைநோய்க்கு நம் கடைகளில் எடுத்துக் கொடுக்கும் மருந்துகளில் அது முக்கியமானது. பூசணக்கொல்லியைச் சோதிக்கும் பழைய, எளிய முறை, அகாரில் மருந்தைக் கலந்து பூசணம் வளர்கிறதா என்று பார்ப்பது. வயலில் காக்கப் போதுமான அளவு ட்ரைசைக்ளசோலைக் கலந்து இந்தச் சோதனையைச் செய்தால், பூசணம் பெரும்பாலும் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். இந்த மருந்து பூசணத்தைக் கொல்வதில்லை. மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. மெலனின் இல்லாத அப்ரெசோரியத்தில் அழுத்தம் நிற்காது, இலைக்குள் நுழைய முடியாது. நுழையும் வேலையே இல்லாத அகார் தட்டில் இந்த மருந்துக்கும் வேலையில்லை. தட்டை மட்டும் நம்பியிருந்தால் தோற்ற மருந்து என்று ஒதுக்கியிருப்பார்கள். கொல்கிறதா என்று மட்டும் கேட்கும் முறைக்கு, கொல்லாமல் தடுப்பது கண்ணில் படாது.

*

இப்போது மரபணுக்களின் காலம். பூசணத்தின் ஒரு மரபணுவை நீக்கிவிட்டு, நோய் வருகிறதா என்று பார்க்கிறார்கள். வராவிட்டால், அதே மரபணுவைத் திரும்ப வைத்து நோய் திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியைச் செய்யாத கட்டுரையை நல்ல இதழ்கள் ஏற்பதில்லை. நீக்கும்போது வேறெதையாவது கெடுத்திருக்கலாம் அல்லவா? 2005-இல் இந்தப் பூசணத்தின் முழு மரபணுத் தொகுதி வெளியாயிற்று. ஏறத்தாழ பதினோராயிரம் மரபணுக்கள். 2007-இல் கொரிய ஆய்வாளர்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிறழ்வு வகைகளை உண்டாக்கிச் சலித்தார்கள்.

இந்த முறைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. பிஎம்கே1 என்ற மரபணுவை நீக்கினால் அப்ரெசோரியமே உருவாகாது என்று 1996-இல் ஷூவும் ஹேமரும் காட்டினார்கள். இலையைக் காயப்படுத்தி வழி திறந்துவிட்டால்கூட அந்தப் பூசணம் உள்ளே வளரவில்லை. அப்படியானால் உள்ளே போன பிறகும் அந்த மரபணுவுக்கு வேலை இருக்கிறது. என்ன வேலை? வாசலிலேயே விழுந்துவிடும் பூசணத்தை வைத்து வீட்டுக்குள் நடப்பதை அறிய முடியாது. இருபது ஆண்டுக்கு மேல் அந்தக் கேள்வி கிடந்தது. எக்ஸிடர் ஆய்வாளர்கள் மரபணுவை நீக்காமல், அதன் புரதத்தை ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளுக்கு மட்டும் பணியும்படி சிறிது மாற்றினார்கள். பூசணம் வழக்கம்போல் நெல்லின் முதல் அணுவுக்குள் நுழைந்தது. நுழைந்த பிறகு வேதிப்பொருளைக் கொடுத்தார்கள். பூசணம் அந்த அணுவுக்குள்ளேயே சிறைப்பட்டது. பக்கத்து அணுவுக்குப் போகும் நுண்துளையில் தன் உடலை ஒடுக்கி நுழைய அதற்கு இந்தப் புரதம் தேவைப்படுகிறது. 2018-இல் வந்த முடிவு இது. நீக்கிப் பார்ப்பது, வேண்டும்போது நிறுத்திப் பார்ப்பது என்ற இரண்டு முறைகளுக்கு நடுவில் நோயின் பாதி ஒளிந்திருந்தது.

*

கோ 39-க்கு வருகிறேன். எந்தக் குலைநோய்க்கும் எதிர்ப்பில்லாதது என்று கருதித்தான் அதைப் பிடித்து வைத்தார்கள். எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாக அதற்குள் ஏற்றி, எது எந்தப் பூசண வகையைத் தடுக்கிறது என்று பார்க்கும் இணைவரிசைகளையும் லாஸ் பானோஸில் அதை வைத்தே உருவாக்கினார்கள். அதற்கென்று சொந்தமாக எதுவும் இல்லை என்பதே அந்த வேலையின் அடிப்படை.

இதற்கிடையில், புல்லைத் தாக்கும் வகையையும் நெல்லைத் தாக்கும் வகையையும் கலப்புச் செய்து பிறந்த பூசணங்களை வைத்து அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். அவற்றில் சில கோ 39-இல் நோயுண்டாக்க முடியாமல் நின்றன. தொண்டையைக் காட்டிக்கொண்டு நிற்பதாக நினைத்த நெல், எதிர்த்து நின்றது. பூசணத்தில் எந்த மரபணு அதைக் காட்டிக்கொடுத்தது என்று தேடி 1998-இல் ஃபார்மனும் லியோங்கும் பிரித்தெடுத்தார்கள். அந்த மரபணுவின் பெயரிலேயே நம் நெல் இருக்கிறது: ஏவிஆர்1-கோ39. நெல்லைத் தாக்கும் பூசண வகைகளில் பெரும்பாலானவற்றில் இந்த மரபணு இல்லை. புற்களைத் தாக்கும் உறவினர்களிடம் இருக்கிறது. கோ 39-இன் எதிர்ப்பு எப்போதும் அங்கேயே இருந்தது. அதைச் சீண்டக்கூடிய பூசணம்தான் நெல் வயலில் இல்லை. நெல்லின் பகைவர்களை மட்டுமே ஏவிப் பார்த்ததால் எதிர்ப்பில்லாத நெல் என்று தோன்றியது.

நோய் தாங்காத பயிர் என்று தனியே ஒன்று இல்லை என்பதை 1940-களிலேயே ஹரால்ட் ஃப்ளோர் காட்டிவிட்டார். வட டகோட்டாவில் ஆளிவிதைச் செடியின் துருநோயை ஆராய்ந்தவர் அவர். செடியை மட்டும் கலப்புச் செய்யாமல் பூசணத்தையும் கலப்புச் செய்து, இரண்டின் பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்தினார். செடியின் ஓர் எதிர்ப்பு மரபணுவுக்குப் பூசணத்தில் ஒரு மரபணு இணையாக இருப்பது தெரிந்தது. எதிர்ப்பு, பலவீனம் என்பவை ஒரு தரப்பின் குணங்கள் ஆகா. இரு தரப்பும் சந்திக்கும்போது உண்டாகிறவை. கோட்பாட்டை எல்லோரும் படித்திருந்தும், கைக்கு வசதியான ஒரு நெல்லை எதிர்ப்பே இல்லாதது என்று பாவித்தார்கள். வசதிக்காகச் செய்துகொண்ட அனுமானம் நாளடைவில் உண்மையின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஆய்வகத்துக்கு மட்டும் உரிய நோயும் இல்லை இது.

*

வயல் எதையும் கழிக்க விடாது. தழைச்சத்து கூடினால் குலைநோய் கூடும். இரவுப் பனி நீண்டால் கூடும். மேகமூட்டமும் தூறலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். இவற்றோடு சேர்த்துச் சோதிக்கும் முறை பழையது, பகட்டில்லாதது. நோய் இயல்பாகவே மிகும் ஊரில் நாற்றங்கால் அமைத்து, நூற்றுக்கணக்கான ரகங்களை வரிசை வரிசையாக விதைத்து, சுற்றிலும் நடுவிலும் நலிந்த ரகத்தை விதைத்து, யூரியாவைத் தாராளமாக இட்டு, நோயைத் தானாக வரவிடுவார்கள். நீலகிரி மாவட்டத்துக் கூடலூரும் குடகின் பொன்னம்பேட்டையும் இதற்குப் பெயர் பெற்றவை. பூஜ்யம் முதல் ஒன்பது வரை மதிப்பெண். போடுவது ஒரு மனிதரின் கண்.

கண்ணும் மரபணுவும் கைகோத்த தருணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2016 பிப்ரவரியில் வங்கதேசத்தில் கோதுமை வயல்கள் வெளுத்தன. ஆசியாவில் அதுவரை கோதுமைக்குக் குலைநோய் வந்ததில்லை. எட்டு மாவட்டங்களில் ஏறத்தாழ 15,000 ஹெக்டேர். பூசணத்தைப் பிரித்து வளர்த்துக்கொண்டிருக்க நேரமில்லாத நிலையில், நோயுற்ற இலையிலிருந்தே நேராக மரபணுத் தகவலைப் படித்து, படித்ததை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள் டொஃபசல் இஸ்லாமும் சோஃபியன் கமூனும் உடன் இருந்தவர்களும். பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒப்பிட்டதில், பக்கத்து நெல் வயலிலிருந்து தாவிய பூசணம் அன்று, 1985-இல் பிரேசிலில் தலைகாட்டிய கோதுமைக் குலைநோயின் வழிவந்தது என்று தெரிந்தது. அத்தனை விரைவும் வயலில் ஒரு கண் வித்தியாசத்தைக் கண்ட பிறகுதான் தொடங்க முடிந்தது.

கூடலூர் மாதிரியான நாற்றங்கால்களைப் பழைய பாணி என்று ஒதுக்கிவிட்டு மரபணு இயந்திரங்களுக்கு மட்டும் பணம் கொடுப்பது தவறான கணக்கு. ஒவ்வொரு முறையும் எதையோ கழித்துவிட்டுப் பார்க்கிறது. கழித்ததைத் திரும்பக் கொண்டுவந்து கூட்டிச் சரிபார்க்கும் இடம் வயல் ஒன்றுதான். அடுத்த முறை குலைநோயைத் தாங்கும் புதிய ரகம் என்று செய்தித்தாளில் படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஊர்ப் பூசணத்தை வைத்துச் சோதித்தார்கள்? எத்தனை பருவம் சோதித்தார்கள்? பக்கத்து வரிசையில் இருந்த நலிந்த ரகம் என்ன ஆயிற்று? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். நலிந்த ரகத்துக்கும் நோய் வராத பருவத்தில் புதிய ரகம் பிழைத்ததற்கு ஒரு பொருளும் இல்லை.